நினைவக மீட்பு நிரலைச் சீர்செய்தல்

லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைச் சும்மா வைத்திருப்பதில்லை. ஒரு கோப்பை ஒருமுறை படித்தால் அதன் பக்கங்கள் நினைவகத்திலேயே தங்கிவிடும்; அடுத்தமுறை கேட்கும்போது வட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆகவே சில மணி நேரம் ஓடிய கணினியில் காலியிடம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். புதிதாக இடம் கேட்டு வருபவருக்காக, இருக்கும் பக்கங்களில் எவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்று தேர்ந்து விடுவிப்பதே நினைவக மீட்பு. ஒரு பக்கம் 4 கிலோபைட் என்றால் 16 ஜிபி கணினியில் 41,94,304 பக்கங்கள். இவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும் நிரலின் பெரும்பகுதி, கெர்னலின் 'எம்எம்' அடைவில் உள்ள 'விஎம்ஸ்கேன்' என்ற ஒரே சி கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பைச் சீர்செய்வது கெர்னல் வேலையிலேயே பொறுமை அதிகம் கேட்கும் வேலைகளில் ஒன்று.

மீட்பு இரண்டு வழியாக நடக்கிறது. காலிப் பக்கங்களின் எண்ணிக்கைக்கு மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கும். நடு மட்டத்துக்குக் கீழே போனால் 'கேஸ்வாப்டி' என்ற கெர்னல் இழை விழித்து, மேல் மட்டத்தைத் தொடும்வரை பின்னணியில் பக்கங்களை விடுவிக்கும். அதற்குள் தேவை முந்திக்கொண்டு கீழ் மட்டத்தையும் தாண்டிவிட்டால், நினைவகம் கேட்ட நிரலே தன் வேலையை நிறுத்திவிட்டு மீட்பில் இறங்க வேண்டும். இதற்கு நேரடி மீட்பு என்று பெயர். பயனர் உணரும் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பக்கங்கள் கோப்பைச் சார்ந்தவை, சாராதவை என்று பிரிந்து, ஒவ்வொன்றும் அண்மையில் தொடப்பட்டவை, தொடப்படாதவை என்று மேலும் பிரிந்து, எடுக்கவே கூடாதவற்றுக்கு ஐந்தாவதாக ஒரு பட்டியலும் சேர்ந்து நிற்கின்றன. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 பதிப்பில் ரிக் வான் ரியலும் லீ ஷெர்மர்ஹார்னும் செய்த பிரிவினை அது. மாற்றம் எதுவும் இல்லாத கோப்புப் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். மாற்றப்பட்ட பக்கத்தை முதலில் வட்டில் எழுத வேண்டும். கோப்பு சாராத பக்கத்துக்கு ஸ்வாப்பில் இடம் வேண்டும்.

இவ்வளவும் தெளிவானதுதான். நிரல் சிக்கலாவது, இந்த வேலை எங்கிருந்து கூப்பிடப்படுகிறது என்பதால். ஃபைல் சிஸ்டம் ஒன்று தன் பூட்டைப் பிடித்துக்கொண்டே நினைவகம் கேட்கும். அப்போது மீட்பு திரும்ப அந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழைந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து உறைந்துவிடும். அதனால் 'ஃபைல் சிஸ்டத்தைத் தொடாதே' என்று ஓர் அனுமதிக் கொடி. வட்டு இயக்கி கேட்டால் 'உள்ளீடு வெளியீடே வேண்டாம்' என்று இன்னொன்று. குறுக்கீட்டுக்கு நடுவில் கேட்பவருக்குத் தூங்கவே அனுமதி இல்லை. மீட்புக்கே நினைவகம் தேவைப்பட்டால், அது மீண்டும் மீட்பைக் கூப்பிட்டுத் தனக்குள் தானே விழாமல் இருக்க இன்னொரு கொடி. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நிபந்தனை வரி. அந்த வரிகளில் பல, எங்கோ ஒரு சர்வர் உறைந்து நின்று, அதைக் கிளறிப் பார்த்து ஒருவர் எழுதியவை. படிப்பவர் கண்ணுக்கு அவை அலங்கோலமாகத் தெரியும். உறைந்த சர்வரோ அந்த வரியில் தெரியாது.

அதனால் இந்த வேலையின் முதல் பாதி வரலாற்றைப் படிப்பது. நிலம் வாங்குமுன் மூலப்பத்திரத்தைத் தேடிப் பார்ப்பதுபோல, ஒரு வரியை நீக்குமுன் அது எந்தப் பேட்சில், எந்தக் காரணத்தோடு நுழைந்தது என்று பார்த்தாக வேண்டும். கிட் கருவி ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரை உடனே காட்டிவிடும். ஆனால் அவர் பெரும்பாலும் பெயர் மாற்றியவராகவே இருப்பார். மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்த 'ஃபோலியோ' என்ற அமைப்பு 5.16 பதிப்பில் நுழைந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் இந்தக் கோப்பில் 'பேஜ்' என்றிருந்த எண்ணற்ற இடங்கள் 'ஃபோலியோ' ஆயின. வரலாறு தேடுபவர் முதலில் அந்தச் சுவரில்தான் முட்டுவார். அதைத் தாண்டி, நிரல் ஒரு செயற்கூறிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிய பேட்சையும் தாண்டிப் போனால்தான் உண்மையான காரணம் கிடைக்கும். கெர்னலின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில் 2.6.12 பதிப்பின் முன்னோட்டத்தோடு தொடங்குகிறது. அதற்கும் முந்தைய வரிகளுக்குத் தனியே சேர்த்துவைத்த பழைய வரலாற்றுக் களஞ்சியங்களைத் திறக்க வேண்டும்.

காரணம் கிடைத்தபின் கேட்க வேண்டிய கேள்வி: அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? இதற்கு 'கான்ஜெஷன் வெயிட்' என்ற செயற்கூறைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மீட்பு நடக்கும்போது எழுதி முடிக்காத பக்கங்களாகவே அகப்பட்டால், வட்டின் நெரிசல் தீரும்வரை அல்லது ஒரு குறிப்பிட்ட நேரம்வரை அது காத்திருக்கச் செய்யும். அந்த நேரம் பொதுவாக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நெரிசல் தீர்ந்ததும் வட்டு அடுக்கு சொல்லி எழுப்பும் என்பது ஏற்பாடு. காலப்போக்கில் வட்டு அடுக்கு பல வரிசை முறைக்கு மாறியது, 5.0 பதிப்பில் பழைய ஒற்றை வரிசைப் பாதையே நீக்கப்பட்டது. நெரிசலை அறிவிக்க ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை. ஆனாலும் மீட்பு நிரல் அந்தச் செயற்கூறை விசுவாசமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பெயரில் நெரிசல் இருந்தது. நடந்தது வெறும் தூக்கம். காத்திருப்பு முழு நேரமும் ஓடித் தீர்ந்தபின்தான் நிரல் எழுந்தது.

5.16 பதிப்பில் மெல் கார்மன் இதை அகற்றி, காத்திருப்புக்குக் காரணம் சொல்லும் ஏற்பாட்டை வைத்தார். எழுதி முடிக்கக் காத்திருப்பது ஒன்று. பட்டியலிலிருந்து ஒரே நேரத்தில் மிக அதிகமான பக்கங்கள் பிரித்தெடுக்கப்பட்டதால் காத்திருப்பது ஒன்று. மீட்பில் முன்னேற்றமே இல்லாததால் காத்திருப்பது ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய நிகழ்வு நடந்ததும் எழுப்பப்படும். நிரல் முன்பைவிட எவ்வளவோ தெளிவானது. ஆனாலும் அந்தப் பதிப்பின் முன்னோட்டக் காலத்திலேயே, நினைவகம் தீர்ந்து சீக்கிரம் கொல்லப்பட வேண்டிய நிரல்கள் நீண்ட நேரம் இழுத்துக்கொண்டிருப்பதாகப் புகார்கள் வந்தன. முன்னேற்றமின்மைக்காக வைத்த காத்திருப்பு கடுமையாக இருந்தது. பதிப்பு வெளியாகுமுன் அது தளர்த்தப்பட்டது. காரணம் செத்துப்போன நிரலும் ஏதோ ஒரு வேகத்தைத் தீர்மானித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தால் அந்த வேகம் மாறும். காத்திருப்பைத் தொடும் எந்தப் பேட்சும் வெறும் சீர்செய்தல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இதைவிட எளிதாக முடிந்தது 'லம்பி ரிக்ளெய்ம்' என்ற முறையின் கதை. கெர்னலுக்குச் சில நேரம் அடுத்தடுத்து ஒட்டிய பக்கங்கள் கூட்டாகத் தேவைப்படும். 2007இல் 2.6.23 பதிப்பில் நுழைந்த இம்முறை, பட்டியலில் ஒரு பக்கத்தை எடுத்து, நினைவகத்தில் அதன் அக்கம்பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்தே வெளியேற்றப் பார்க்கும். அவை நொடிக்கு நூறு முறை பயன்படுகிறவையா, யாரும் தொடாதவையா என்ற பேதம் இல்லை. 2010இல் 2.6.35 பதிப்பில் பக்கங்களை வெளியேற்றாமல் இடம் மாற்றி ஒதுக்கும் 'கம்பாக்‌ஷன்' வந்ததும் லம்பிக்கு வேலை போயிற்று. உடனே நீக்கவில்லை. முதலில் கம்பாக்‌ஷன் இருக்கும் இடத்தில் அதற்கே முன்னுரிமை தந்தார்கள். அந்த ஏற்பாடு சில பதிப்புகள் ஓடிப் பழகியபின், 2012இல் 3.5 பதிப்பில் லம்பியை முழுவதும் எடுத்தார்கள். அதோடு மீட்பின் முறையைக் குறிக்கும் கொடிகளும், பக்கங்களைப் பிரித்தெடுக்கும் செயற்கூறில் அதற்காகவே இருந்த கிளைகளும் உதிர்ந்தன. மாற்று வழி ஓடிக் காட்டியபின் பழையதை எடுக்கும் இந்த வரிசைதான் சரி. பயன்படாதது என்று தெரிந்த மறுநாளே வெட்டும் அவசரம் இந்தக் கோப்பில் செல்லாது.

ஒரே செயற்கூறுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது இன்னொரு வகை அலங்கோலம். பக்கப் பட்டியல்களுக்கு வெளியே, ஃபைல் சிஸ்டங்களும் இயக்கிகளும் தாங்களாகச் சேர்த்துவைத்திருக்கும் பொருள்களும் உண்டு. அவற்றைக் குறைக்கச் சொல்லும் ஏற்பாட்டுக்கு 'ஷ்ரிங்கர்' என்று பெயர். பழைய முறையில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயற்கூறைப் பதிவுசெய்வார்கள். அதைப் பூஜ்யத்தோடு கூப்பிட்டால், எத்தனை பொருள்களை விடுவிக்க முடியும் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். வேறு எண்ணோடு கூப்பிட்டால் அத்தனையைப் பரிசீலித்து விடுவித்து, மிச்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் -1. எழுதுபவர் இந்த மூன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எத்தனை விடுவிக்கப்பட்டது என்பதோ நேராகத் தெரியாது. 2013இல் 3.12 பதிப்பில் டேவ் சின்னர் இதை எண்ணும் செயற்கூறு, விடுவிக்கும் செயற்கூறு என்று இரண்டாகப் பிரித்தார். பிரித்தது பெரிய விஷயம். பிரித்த வரிசை அதைவிடப் பெரியது. புதிய இரண்டையும் சேர்த்துவிட்டுப் பழையதையும் உயிரோடு வைத்தார்கள். ஃபைல் சிஸ்டம் ஒவ்வொன்றாக, இயக்கி ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கடைசி ஆள் மாறியபின்தான் பழையதை எடுத்தார்கள். இடையில் எந்தப் பேட்சில் நிறுத்தினாலும் கெர்னல் கட்டமைந்து ஓடும். பிழை எங்கே நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடுபவருக்கு அந்தத் தொடர்ச்சிதான் உயிர். பத்தாண்டுகள் கழித்து, 6.7 பதிப்பில், ஷ்ரிங்கர் நிரல் தனிக் கோப்பாகவே வெளியேறியது.

ஆனால் இந்தத் துறையில் நடந்த சீர்செய்தல்களில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், ஜோஹனஸ் வைனர் 3.3 பதிப்பில் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். கன்டெய்னர்களுக்கு நினைவக வரம்பு விதிக்கும் சிகுரூப் வந்தபோது, மையக் கெர்னலைத் தொந்தரவு செய்யாமல் அதை ஓரமாக ஒட்டியிருந்தார்கள். குழுவில் உள்ள ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டியல்களில் இருந்தது: கணினி முழுவதற்குமான பட்டியல் ஒன்று, குழுவின் பட்டியல் ஒன்று. இரண்டாவதற்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி விவரக் கட்டமைப்பு. பொது மீட்பு ஒரு பட்டியலைப் படிக்கும், குழு மீட்பு இன்னொன்றைப் படிக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் 'இது பொதுவா, குழுவா' என்று ஒரு கிளை. வைனர் பொதுப் பட்டியலை நீக்கிவிட்டு, பக்கங்களைக் குழுப் பட்டியல்களில் மட்டும் வைத்தார். பொது மீட்பு என்பது எல்லாக் குழுக்களையும் சுற்றி வருவது என்றாயிற்று. சிகுரூப் இல்லாத கெர்னலில் அந்தச் சுற்று ஒரே முறை ஓடும். அவரே 3.19இல் பக்கத்துக்கான அந்தத் தனிக் கட்டமைப்பையும் நீக்கி, குழுவைக் காட்டும் சுட்டியைப் பக்க விவரத்துக்குள்ளேயே வைத்தார். கிளைகளை அழகுபடுத்தியிருந்தால் கிளைகள் அழகான கிளைகளாகவே இருந்திருக்கும். தரவின் அமைப்பை மாற்றியதால் அவை தேவையற்றுப் போயின. புதிதாக வருபவர் படித்துப் பார்க்க இந்த இரண்டு பேட்ச் தொடர்களைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. பிரித்தெடுத்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கும் 'ஷ்ரிங்க் ஃபோலியோ லிஸ்ட்' நூற்றுக்கணக்கான வரிகள் நீளும். நடுநடுவே 'வைத்துக்கொள்', 'பூட்டைத் திறந்து வைத்துக்கொள்', 'மேல் பட்டியலுக்கு ஏற்று' என்ற பொருளில் தாவல் குறிகள் இருக்கும். புதிதாகப் படிப்பவர் கை இதைத் துண்டாக்கத் துடிக்கும். துண்டாக்கினால் உள்ளே இருக்கும் மாறிகளில் பாதியை ஒவ்வொரு துண்டுக்கும் கடத்த வேண்டும். பூட்டு எங்கே பிடிக்கப்பட்டது, எங்கே விடப்பட்டது என்பது ஒரே திரையில் தெரியாமல் போகும். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தை என்ன செய்வது என்ற இடத்தில் மூன்று நிலைகளும், அவற்றை விளக்கும் நீண்ட குறிப்பும் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது நிலையில் மட்டும் மீட்பு அங்கேயே நின்று எழுதி முடியும்வரை காத்திருக்கும். சிகுரூப்பின் முதல் பதிப்பில், மாற்றப்பட்ட பக்கங்கள் குவிவதைத் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. காத்திருக்காவிட்டால் வட்டு எழுதி முடிப்பதற்குள் குழுவின் நிரல் கொல்லப்பட்டுவிடும். பழைய சிகுரூப்பைப் பயன்படுத்துவோர் இருக்கும்வரை அந்தக் காரணம் உயிரோடு இருக்கிறது. அதே இடத்தில் சோதிக்கப்படும் மீட்புக் கொடி, முன்கூட்டியே படிப்பதைக் குறிக்கும் கொடியோடு ஒரே பிட்டைப் பகிர்ந்துகொள்கிறது. எழுத்து நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அதை மீட்புக் கொடியாகப் படிக்கலாம். சோதனைகளின் வரிசையை அழகுக்காக மாற்றினால் அர்த்தமே மாறிவிடும்.

அதே செயற்கூறிலிருந்து நல்லபடியாகப் பிரிந்ததும் ஒன்று உண்டு: ஒரு பக்கம் அண்மையில் தொடப்பட்டதா என்று பார்த்து முடிவு சொல்லும் பகுதி. அது 'எடு', 'சுத்தமாக இருந்தால் எடு', 'வைத்துக்கொள்', 'ஏற்று' என்று நான்கு பெயருள்ள விடைகளில் ஒன்றைத் தரும். பட்டியலையோ பூட்டையோ அது மாற்றுவதில்லை. கேள்விக்கு விடை தருகிறது. துண்டாக்கத் தகுந்த இடம் எது என்பதற்கு இதுவே உரைகல்.

மீட்பின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 'ஸ்கேன் கண்ட்ரோல்' என்ற கட்டமைப்பு அடியிலிருந்து நுனிவரை கடத்தப்படுகிறது. எத்தனை பக்கம் வேண்டும், ஸ்வாப் செய்யலாமா, எழுதலாமா, எந்தக் குழுவுக்காக என்பவை அதில் இருக்கும். முன்னுரிமை எண்ணும் இருக்கும். அது 12இல் தொடங்கும்; பட்டியலின் நீளத்தை 2இன் 12ஆம் அடுக்கால், அதாவது 4096ஆல் வகுத்த அளவே முதல் சுற்றில் பார்க்கப்படும். எண் ஒன்று குறைந்தால் அளவு இரட்டிக்கும். வசதியாக இருப்பதால் எல்லோரும் இந்தக் கட்டமைப்பில் ஒரு புலம் சேர்க்கிறார்கள். சீர்செய்பவரின் கவலை அங்கேதான். கேட்டவரின் விருப்பம், ஓட்டத்தின் நடுவில் தெரியவரும் நிலைமை, கடைசியில் சொல்ல வேண்டிய கணக்கு மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. நடுவில் தெரியவந்த ஒன்றை அடுத்த சுற்றுக்குமுன் அழிக்க மறந்தால், முந்தைய குழுவின் நிலைமை அடுத்த குழுவின் முடிவைத் தீர்மானிக்கும். இப்படிப்பட்ட பிழை சோதனையில் எளிதில் அகப்படாது. ஓட்டம் முழுவதும் மாறாதது மட்டும் அங்கே இருக்கட்டும், ஒரு சுற்றுக்கு உரியது உள்ளூர் மாறியாக இருக்கட்டும் என்பதே சரியான கட்டுப்பாடு.

பேட்சுகளைப் பிரிப்பதில் ஓர் ஒழுங்கு பழக்கத்தில் நிலைத்திருக்கிறது. இடம் மாற்றுவது ஒரு பேட்ச், பெயர் மாற்றுவது ஒரு பேட்ச், நடத்தையை மாற்றுவது தனிப் பேட்ச். மூன்றையும் கலந்தால் சரிபார்ப்பவர் எதையுமே பார்க்க முடியாது. 'செயல்பாட்டில் மாற்றம் இல்லை' என்று எழுதுவது ஓர் உறுதிமொழி. கட்டமைத்தபின் வரும் இயந்திர நிரலை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் அதை எழுத வேண்டும். செயற்கூறுகளின் அளவு எவ்வளவு மாறியது என்று காட்டும் 'ப்ளோட்-ஓ-மீட்டர்' என்ற சிறு கருவி கெர்னலோடே வருகிறது. தொடரில் பிழைதிருத்தமும் இருந்தால் அது முதலில் வர வேண்டும். பழைய நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பொருத்துவார்; சீர்செய்தல் முன்னால் நின்றால் அவருக்கு அது பொருந்தாது. நினைவகத்துறைப் பேட்சுகள் ஆண்ட்ரூ மார்ட்டன் பராமரிக்கும் மரத்தில் முதலில் நிலையற்ற கிளையிலும் பிறகு நிலைத்த கிளையிலும் இருந்து பழகித்தான் மையக் கெர்னலுக்குப் போகின்றன. அந்த இடைக்காலத்தில் கிடைக்கும் சோதனையை யாராலும் தனியாகச் செய்ய முடியாது.

சோதனை என்றால் கெர்னல் ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. மீட்பு தவறாக முடிவெடுத்தாலும் கணினி ஓடும், மெதுவாக ஓடும். 'ப்ராக்' அடைவின் 'விஎம்ஸ்டாட்' கோப்பில் எண்கள் இருக்கின்றன: கேஸ்வாப்டி எத்தனை பக்கம் பார்த்தது, எத்தனை மீட்டது, நேரடி மீட்பு எத்தனை பார்த்தது, எத்தனை மீட்டது. பார்த்தது ஏறி மீட்டது ஏறாவிட்டால் வேலை வீணாகிறது. நேரடி மீட்பின் பங்கு ஏறினால் கேஸ்வாப்டி பின்தங்குகிறது. வெளியேற்றிய பக்கமே சீக்கிரம் திரும்பி வந்தால் தேர்வு தவறு. அதைக் கணக்கிடும் ஏற்பாடு 2014இல் 3.15 பதிப்பில் வந்தது. இவற்றை ஒரே வகைப் பளுவில் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. நினைவகத்தைவிடப் பெரிய கோப்பைப் படிப்பது, ஸ்வாப் தேவைப்படும் அளவுக்கு இடம் பிடிப்பது, சிறிய வரம்புள்ள குழுவுக்குள் எழுதித் தள்ளுவது என்று ஒவ்வொன்றும் நிரலின் வெவ்வேறு கிளையில் நடக்கும். பெரிய கணினி இருந்தாலும், துவக்கும்போதே நினைவகத்தைச் சிறிதாகக் காட்டச் சொல்லி ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அந்த எண்களின் பெயர்கள் நிரலின் உள்விவகாரம் ஆகமாட்டா. கண்காணிப்புக் கருவிகள் அவற்றைப் பெயரால் படிக்கின்றன. 2016இல் 4.8 பதிப்பில் பக்கப் பட்டியல்கள் நினைவக மண்டலத்திலிருந்து கணு அளவுக்கு மாறியபோது, நேரடி மீட்பில் தேங்கியதைச் சொல்லும் ஒற்றை எண் மண்டலவாரியாகப் பிரிந்தது. பழைய பெயரைத் தேடிய கருவிகள் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே தெரியும் பெயரைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுவதே மரியாதை.

2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் யூ ஷாவ் எழுதிய பல தலைமுறைப் பட்டியல் முறை சேர்ந்தது. தொடப்பட்டவை, தொடப்படாதவை என்ற இரண்டுக்குப் பதிலாகப் பக்கங்களை வயதுவாரியாகப் பல தலைமுறைகளாக வைக்கும் முறை அது. பக்க அட்டவணைகளை நடந்து பார்த்தே எவை பயன்பாட்டில் உள்ளன என்று அறிந்துகொள்ளும். பழைய முறை நீக்கப்படவில்லை. இரண்டும் ஒரே விஎம்ஸ்கேன் கோப்பில் அருகருகே இருக்கின்றன. பட்டியலைச் சுருக்கும் பாதை நடுவில் இரண்டாகக் கிளைத்து, தனித்தனியே தேர்ந்து, ஷ்ரிங்க் ஃபோலியோ லிஸ்ட்டில் மீண்டும் சேர்கிறது. ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றொன்றுக்கும் பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கோப்பில் மிச்சமிருக்கும் மிகப் பெரிய சீர்செய்தல் இதுதான். எந்த வரியை எங்கே நகர்த்துவது என்று யோசிக்குமுன், எந்தப் பளுவில் எந்த முறை தோற்கிறது என்று கைபேசியிலும் சர்வரிலும் அளந்து வெளியே வைப்பவர்கள் இப்போது தேவை. இந்த வேலைக்குள் வர விரும்புபவர் அந்த அளவீட்டிலிருந்தே தொடங்கலாம்.